785 டாலருக்கு டாட்ஜா, 440 டாலருக்கு ஃபோர்டா? 1916-இல் ஒரு டூரிங் கார் வாங்குவது

பழைய அமெரிக்கக் கார்களைப் பற்றிப் பேச்சு வந்தால், "இருப்பதிலேயே எது நல்ல கார்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. நல்ல கார் என்றால் யாருக்கு நல்லது, எந்தச் சாலையில், எவ்வளவு பணத்தில் என்று தெரியாமல் பதில் சொல்வதில் பயனில்லை. அதனால் வாங்குபவரின் இடத்தில் நின்று பார்ப்போம். ஆண்டு 1916, மாதம் ஜூலை. அயோவா மாநிலத்தில் ஒரு சிற்றூரை ஒட்டி நிலம் வைத்திருக்கும் குடும்பம். இரண்டு வருடமாகச் சோளத்தில் நல்ல வரவு. கையில் எண்ணூறு டாலர் வரை இருக்கிறது. வீட்டில் இதுவரை குதிரை வண்டிதான். எந்த டூரிங் கார் வாங்கலாம்?

டூரிங் கார் என்றால் என்ன என்று ஒரு வரி சொல்லிவிடுகிறேன். முன்னால் ஓர் இருக்கை வரிசை, பின்னால் ஒன்று, ஐந்து பேர் உட்காரலாம். மேலே மடக்கி வைக்கக்கூடிய துணிக்கூரை. பக்கங்களில் கண்ணாடி கிடையாது. மழை வந்தால் வண்டியை நிறுத்தி, இருக்கைக்கு அடியில் சுருட்டி வைத்த பக்கத்திரைகளை எடுத்து ஒவ்வொன்றாக மாட்ட வேண்டும். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் குடும்பத்துக்குக் கார் என்றால் பெரும்பாலும் இதுதான். நாலு பக்கமும் மூடிய கார் பணக்காரர்களுக்கானது.

கடைவீதியில் கண்ணில் படுபவை நிறைய. டோலிடோ நகரத்தில் செய்த ஓவர்லாண்ட், ஃபோர்டுக்கு அடுத்தபடி நாட்டிலேயே அதிகம் விற்ற பெயர். மேக்ஸ்வெல்லும் ஒரு நம்பகமான தேர்வு. 1909-இல் ஆலிஸ் ராம்சே என்ற 22 வயதுப் பெண் மூன்று பெண்களோடு நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை 59 நாளில் ஓட்டிக்கொண்டு போனது ஒரு மேக்ஸ்வெல் டூரிங் காரைத்தான். இரண்டுமே மோசமில்லை. ஆனால் எண்ணூறு டாலருக்குள் உண்மையான போட்டி மூன்று வண்டிகளுக்கு இடையில்தான் என்பது என் கணிப்பு: ஃபோர்டு மாடல் டி, செவ்ரோலே 490, டாட்ஜ் பிரதர்ஸ் டூரிங்.

செவ்ரோலேயை முதலில் முடித்துவிடலாம். அதன் பெயரே ஒரு சவால். ஃபோர்டு டூரிங் காரின் விலை 490 டாலராக இருந்தபோது, செவ்ரோலேயை நடத்திய வில்லியம் டூராண்ட் தன் புதுக் காருக்கு அந்த விலையையே வைத்து, அந்த எண்ணையே பெயராகவும் வைத்தார். 1915 கோடையில் அறிவிப்பு வந்தது. அந்த ஆகஸ்டிலேயே ஃபோர்டு தன் விலையை 440-க்கு இறக்கிவிட்டது. செவ்ரோலேயில் மூன்று கியர், மற்ற இரண்டிலும் இல்லாத மேல்வால்வு (வால்வுகள் எஞ்சினின் தலையில் இருக்கும்) எஞ்சின், 2.8 லிட்டர். அறிமுகமானபோது மின் ஸ்டார்ட்டரும் மின் விளக்கும் வேண்டும் என்றால் கூடுதலாக 60 டாலர், ஆக 550. கணக்கில் பார்த்தால் கவர்ச்சியான வண்டிதான். ஆனால் எஞ்சின் மேலே அந்த வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர் கைகள் மூடியில்லாமல் திறந்தே கிடக்கும், எண்ணெய்க் குப்பியை எடுத்துக் கையால் எண்ணெய் விட வேண்டும். மண் சாலையின் புழுதி முழுக்க அங்கேதான் போய் உட்காரும். அதோடு வண்டி சந்தைக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. அயோவாவின் சிற்றூரில் உதிரிபாகம் கிடைக்குமா, பழுது பார்க்கத் தெரிந்தவர் இருப்பாரா என்பதற்கு உறுதியில்லை. பெரிய நகரத்தில் குடியிருந்தால் நான் இதை ஒரு முறை ஓட்டிப் பார்த்திருப்பேன். இந்தக் குடும்பத்துக்கு வேண்டாம்.

சரி, மிச்சம் இருப்பவை இரண்டு. இரண்டும் ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் மாதிரி. ஜான் டாட்ஜ், ஹொரேஸ் டாட்ஜ் இருவரும் டெட்ராய்டில் எந்திரப் பட்டறை வைத்திருந்தவர்கள். 1903-இல் ஃபோர்டு நிறுவனம் தொடங்கியதிலிருந்தே அதற்கு எஞ்சினும் கியர்பெட்டியும் ஆக்சிலும் செய்து கொடுத்தவர்கள். அதற்குப் பதிலாக நிறுவனத்தில் பத்து சதவீதப் பங்கும் வைத்திருந்தார்கள். பத்து வருடம் ஃபோர்டின் குடல்வரை பார்த்தவர்கள், எங்கே தேய்கிறது, எங்கே உடைகிறது, வாங்கியவர் எதற்காகத் திட்டுகிறார் என்று தெரிந்துகொண்டு, 1914 நவம்பரில் ஹாம்ட்ராம்க் தொழிற்சாலையிலிருந்து தங்கள் பெயரில் முதல் காரை வெளியே விட்டார்கள். காரைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் முகவராக விண்ணப்பித்திருந்தார்கள் என்றால் அவர்கள் கைவேலைக்கு இருந்த மதிப்பைப் புரிந்துகொள்ளலாம். 1916 ஜூலையில் அவர்கள் இன்னும் ஃபோர்டின் பங்குதாரர்கள்தான். நீங்கள் ஃபோர்டு வாங்கினாலும் அந்த லாபத்தில் ஒரு பங்கு டாட்ஜ் சகோதரர்களுக்குப் போகும்!

இப்போது விலை. ஃபோர்டு டூரிங் 440 டாலர். டாட்ஜ் 785. வித்தியாசம் 345. ஃபோர்டு தொழிற்சாலையில் 1914 ஜனவரியிலிருந்து பேசப்பட்ட அந்த ஐந்து டாலர் தினக்கூலியில் கணக்குப் போட்டால், ஃபோர்டு 88 நாள் சம்பளம், டாட்ஜ் 157 நாள் சம்பளம். அதிகப்படியான அந்த 69 நாள் உழைப்புக்கு என்ன கிடைக்கிறது? முழு ஒப்பீடும் இந்த ஒரு கேள்வியில் அடங்கிவிடும்.

தாளில் எழுதிப் பார்த்தால் கிடைப்பது இது. ஃபோர்டில் 2.9 லிட்டர் எஞ்சின், 20 குதிரைத்திறன். டாட்ஜில் 3.5 லிட்டர், 35 குதிரைத்திறன். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே நீளம் ஃபோர்டில் 100 அங்குலம், டாட்ஜில் 110. எடை ஃபோர்டு ஏறக்குறைய 680 கிலோ, டாட்ஜ் ஆயிரம் கிலோ. ஃபோர்டின் உடல் மரச்சட்டத்தின் மேல் தகடு அடித்தது. டாட்ஜின் உடல் முழுக்க எஃகு. பிலடெல்ஃபியாவில் எட்வர்ட் பட் என்பவரின் பட்டறை செய்து கொடுத்தது. மரம் இல்லாததால் எனாமல் பூச்சை நல்ல சூட்டில் வேகவைத்து எடுக்க முடிந்தது, மெருகு நிலைத்தது.

ஆனால் தாளில் எழுதாத ஒன்றுதான் இந்த முடிவைத் தீர்மானிக்கிறது என்பேன். காலையில் காரைக் கிளப்புவது யார்?

எங்கள் தெருவில் சின்ன வயதில் ஒரு வாடகைக் கார் நிற்கும். மார்கழிக் குளிரில் பேட்டரி படுத்துவிட்டால் ஓட்டுநர் டிக்கியிலிருந்து இசட் வடிவ இரும்புக் கைப்பிடியை எடுத்து, பம்பருக்கு நடுவில் இருக்கும் ஓட்டையில் விட்டுச் சுற்றுவார். பெருவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து ஒரே பக்கம் வைத்துக்கொள்வார், கைப்பிடியைச் சுற்றிப் பிடிக்கமாட்டார். "ஏன் மாமா அப்படிப் பிடிக்கிறீங்க?" என்று கேட்டேன். "திருப்பி அடிச்சா கட்டைவிரல் போயிடும் தம்பி" என்றார். அவருக்கு அது எப்போதாவது நேரும் அவசரம். 1916 ஃபோர்டுக்காரருக்கு அது தினசரி வேலை.

எப்படி என்று பாருங்கள். முதலில் ஹேண்ட் பிரேக்கைப் பின்னால் இழுக்க வேண்டும். அது பிரேக் மட்டுமல்ல, வண்டியை நியூட்ரலில் வைப்பதும் அதுதான். ஸ்டீயரிங்குக்குக் கீழே இடப்பக்கம் ஸ்பார்க் லீவர், தீப்பொறி எந்த நேரத்தில் விழ வேண்டும் என்பதை மாற்றுவது; அதை மேலே தள்ள வேண்டும். மறந்தால் எஞ்சின் முன்கூட்டியே வெடித்துக் கைப்பிடியை எதிர்ப்பக்கம் வீசும், மணிக்கட்டு முறியும். வலப்பக்கம் எஞ்சின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டில் லீவர், அதைக் கொஞ்சம் கீழே. அப்புறம் வண்டிக்கு முன்னால் போக வேண்டும். ரேடியேட்டருக்குக் கீழே ஒரு கம்பி வளையம் தொங்கும், அதுதான் சோக். அதை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டே மறுகையால் கைப்பிடியை மேல்நோக்கிக் கால் சுற்று, இன்னொரு கால் சுற்று. எஞ்சின் பிடித்தவுடன் ஓடிவந்து ஸ்பார்க் லீவரைக் கீழே இறக்க வேண்டும், இல்லாவிட்டால் அணைந்துவிடும்.

குளிர்காலத்தில் கதை இன்னும் கஷ்டம். உள்ளே எண்ணெய் கெட்டியாகிவிடும். நியூட்ரலில் வைத்தாலும் கிளட்ச் தட்டுகள் ஒட்டிக்கொண்டு, எஞ்சின் கிளம்பிய கையோடு வண்டியும் மெதுவாக முன்னால் நகரும், கைப்பிடி பிடித்திருப்பவரின் முழங்காலை முட்டும். அதற்காகப் பின்சக்கரம் ஒன்றை ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டுக் கிளப்பினார்கள். எஞ்சின் குழாய் மேல் கொதிநீர் ஊற்றினார்கள். ஜனவரியில் அயோவாவில் விடிகாலை எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

டாட்ஜில் இவை எதுவும் இல்லை. 12 வோல்ட் மின்முறை, ஸ்டார்ட்டரும் ஜெனரேட்டரும் ஒரே உருளைக்குள், எஞ்சினோடு சங்கிலியால் இணைத்தது. உட்கார்ந்த இடத்திலிருந்து சுவிட்சைப் போட்டால் சத்தமில்லாமல் எஞ்சினைச் சுற்றிவிடும். அதைவிடப் பெரிய வசதி ஒன்று உண்டு. சுவிட்ச் போட்டபடி இருக்கும்போது எஞ்சின் வேகம் குறைந்து நிற்கப் போனால் அதே கருவி மோட்டாராக மாறி மறுபடியும் தானே சுற்றிவிடும். ரயில் தண்டவாளத்தின் மேல் வண்டி அணைந்து நிற்கிற பயம் அந்தக் காலத்து ஓட்டுநர்கள் எல்லோருக்கும் இருந்தது. டாட்ஜ்காரருக்கு அந்தப் பயம் பெருமளவு குறைந்தது. மின் ஸ்டார்ட்டர் டாட்ஜின் கண்டுபிடிப்பு அல்ல. சார்லஸ் கெட்டரிங் செய்ததை 1912-இல் காடிலாக் தன் விலையுயர்ந்த கார்களில் போட்டது. 785 டாலர் வண்டியில் அதைக் கூடுதல் காசு கேட்காமல் வைத்துத் தந்ததுதான் டாட்ஜ் சகோதரர்களின் பெருந்தன்மை. ஃபோர்டு டூரிங்கில் அது வர 1919 ஆகும், அதுவும் கூடுதல் விலைக்கு.

விளக்கும் அப்படித்தான். ஃபோர்டின் முன்விளக்கு 1915-இல்தான் மின்விளக்காக மாறியது, பக்கவிளக்கும் பின்விளக்கும் இன்னும் மண்ணெண்ணெய். பேட்டரி இல்லாததால் முன்விளக்குக்கு மின்சாரம் எஞ்சின் சுற்றும்போது மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட்டோவிலிருந்து நேராக வரும். எஞ்சின் வேகமாகச் சுற்றினால் பளிச்சென்று எரியும், மெதுவானால் மங்கும். இருட்டில் குண்டும் குழியும் வரும்போது நாம் என்ன செய்வோம்? வேகத்தைக் குறைப்போம். சரியாக அந்த நேரத்தில் வெளிச்சமும் குறைந்துவிடும். நள்ளிரவில் பிரசவத்துக்குக் கூப்பிட்டால் போக வேண்டிய கிராமத்து மருத்துவராக இருந்தால் நான் இந்த ஒரு காரணத்துக்கே டாட்ஜ் வாங்கியிருப்பேன்.

பஞ்சர் இன்னொரு விஷயம். அன்றைய டயர்களுக்கு லாடத்து ஆணி ஒன்று போதும். ஃபோர்டில் சக்கரத்தோடு விளிம்பு சேர்ந்தே இருக்கும். சாலையோரம் உட்கார்ந்து, இரும்புக் கம்பிகளால் டயரை நெம்பி எடுத்து, டியூபில் ஒட்டுப் போட்டு, கைப்பம்பால் காற்றடிக்க வேண்டும். முன்டயர் ஓர் அளவு, பின்டயர் வேறோர் அளவு, அதனால் கையிருப்பும் இரண்டு வகை வேண்டும். டாட்ஜில் விளிம்பையே கழற்றலாம். காற்றடித்த டயரோடு இன்னொரு விளிம்பைப் பின்னால் மாட்டி வைத்திருந்தால், சில போல்ட்டுகளைக் கழற்றி மாட்டி கால் மணி நேரத்தில் புறப்பட்டுவிடலாம்.

இவ்வளவும் சொன்னபிறகு ஃபோர்டைக் கழித்துக்கட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்த வண்டியின் மீது எனக்கு இருக்கும் மரியாதை சின்னதல்ல. 1908 அக்டோபரில் 850 டாலருக்கு வந்த வண்டி, எட்டு வருடத்தில் விலை ஏறக்குறைய பாதியானது. 1913-இல் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் நகரும் தளத்தில் வண்டி கோக்கத் தொடங்கியதும், ஒரு சேசிஸைக் (உடல் மாட்டாத அடிவண்டியை) கோக்க ஆன பன்னிரண்டரை மணி நேரம் 93 நிமிடமாகக் குறைந்ததும் இதற்குக் காரணம். அந்த வருமானத்தை ஃபோர்டு வாங்குபவரோடு பகிர்ந்துகொண்டதும் உண்டு. 1914 ஆகஸ்டிலிருந்து ஒரு வருடத்தில் மூன்று லட்சம் கார்களுக்கு மேல் விற்றால் வாங்கிய ஒவ்வொருவருக்கும் பணம் திருப்பித் தருவோம் என்று அறிவித்தார்கள், விற்றார்கள், தலைக்கு 50 டாலர் காசோலை அனுப்பினார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றிய விற்பனை அது.

ஃபோர்டின் மிகப் பெரிய பலம் சாலையில் தெரியும். 1916-இல் ஊருக்கு வெளியே சாலை என்றால் மண்தான். நெடுஞ்சாலைகளுக்கு மத்திய அரசு பணம் தரும் முதல் சட்டத்தில் அதிபர் வில்சன் கையெழுத்துப் போட்டதே இந்த ஜூலை 11-ஆம் தேதிதான். சாலையே இன்னும் பிறக்கவில்லை. குதிரை வண்டிச் சக்கரங்கள் அறுத்த தடத்தில்தான் கார் போக வேண்டும். தென்மாநிலங்களில் வண்டித் தடத்தின் அகலம் 60 அங்குலம், மற்ற இடங்களில் 56 என்பதால், தெற்கே விற்பதற்கென்றே ஃபோர்டு அகலமான ஆக்சிலோடு தனியாகக் கார் செய்தது. அவ்வளவு தூரம் மண்ணைப் பார்த்து வடிவமைத்த வண்டி. உயரமாக நிற்கும். முன்னும் பின்னும் ஒற்றைக் குறுக்கு ஸ்ப்ரிங், அதனால் ஒரு சக்கரம் குழியிலும் எதிர்ச்சக்கரம் மேட்டிலும் இருந்தாலும் சட்டம் முறுக்கிக்கொண்டு நான்கு சக்கரமும் தரையைவிடாது. முக்கியப் பாகங்கள் வனேடியம் கலந்த வலுவான எஃகு. சேற்றில் புதைந்தால் இரண்டு ஆட்கள் தூக்கிவிடலாம். ஆயிரம் கிலோ டாட்ஜுக்குக் குதிரை வேண்டும்.

பழுது பார்ப்பதும் எளிது. அதன் கியர்பெட்டியில் பட்டைகள் தேயும், அவைதான் அதிகம் தொல்லை கொடுக்கும் பாகம். மேல்மூடியைத் திறந்து வீட்டிலேயே சரிசெய்யலாம். ஒரு நட்டு நழுவி உள்ளே விழுந்துவிட்டால் அன்றைய பொழுது அதைத் தேடுவதிலேயே போகும் என்பதும் உண்மை. உதிரிபாகம் ஊருக்கு ஊர் கிடைக்கும். 1913 வாக்கிலேயே ஏழாயிரத்தை நெருங்கும் முகவர்கள் இருந்தார்கள். தபாலில் பொருள் விற்ற சியர்ஸ் நிறுவனத்தின் பட்டியலில் ஃபோர்டுக்கென்றே பக்கம் பக்கமாகச் சாமான்கள். பின்சக்கரத்தைத் தூக்கி வைத்து ஒரு பெல்ட் மாட்டினால் மரம் அறுக்கலாம், சோளம் உதிர்க்கலாம். ஓர் உழவர் வீட்டுக்கு இது சின்ன விஷயமா?

ஓட்டுவது எது சுலபம்? இதில் நான் கொஞ்சம் தடுமாறுகிறேன். ஃபோர்டில் மூன்று பெடல். இடது பெடலை முழுக்க மிதித்தால் முதல் கியர், பாதியில் நியூட்ரல், விட்டுவிட்டால் டாப். நடுவில் ரிவர்ஸ். வலதில் பிரேக். ஆக்சிலரேட்டர் காலில் கிடையாது, கையில். குதிரையைத் தவிர எதுவும் ஓட்டியிராதவர் ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்வார், கியர் அரைக்கிற சத்தமே வராது. டாட்ஜில் நெம்புகோல் போட்டு மாற்றும் மூன்று கியர். கிளட்சை நேரம் பார்த்து மிதிக்காவிட்டால் பல்லைக் கடிக்கிற சத்தம். போதாக்குறைக்கு அதன் கியர் வரிசை மற்ற கார்களுக்கு நேர்மாறு. பழக ஒரு வாரம் ஆகும். ஆனால் ஏற்றத்தில் அந்த நடு கியரின் அருமை தெரியும். ஃபோர்டில் டாப் இழுக்காவிட்டால் நேரே முதல் கியருக்கு வர வேண்டும், நடுவில் ஒன்றும் இல்லை. பெட்ரோல் டாங்க் முன்னிருக்கைக்கு அடியில், பம்ப் கிடையாது, தானாக வழிந்து வர வேண்டும். டாங்க் காலியாகும் தறுவாயில் செங்குத்தான மேடு வந்தால் எஞ்சினுக்குப் பெட்ரோல் எட்டாது. வண்டியைத் திருப்பி ரிவர்ஸில் ஏறிப் போவார்கள். அயோவாவில் மலை இல்லை என்பதால் இதைப் பெரிய குறையாக நான் எழுதவில்லை.

டாட்ஜ் கனமான வண்டி, கரடுமுரடுக்கு ஆகாது என்று யாராவது சொன்னால், இரண்டு மாதத்துக்கு முன்னால் செய்தித்தாளில் வந்ததைக் காட்டலாம். மே 14-ஆம் தேதி மெக்சிகோவில், அமெரிக்க ஜெனரல் பெர்ஷிங்கின் படையில் இருந்த லெப்டினன்ட் ஜார்ஜ் பேட்டன் மூன்று டாட்ஜ் டூரிங் கார்களில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு பண்ணை வீட்டுக்குள் பாய்ந்து, மெக்சிகோ புரட்சிக்காரர் பான்ச்சோ வில்லாவின் படைத்தலைவர்களில் ஒருவரான ஹூலியோ கார்டெனாஸை வீழ்த்தினார். சோளம் வாங்கப் போன பயணம் அது. அமெரிக்க ராணுவம் மோட்டார் வண்டியில் போய் நடத்திய முதல் சண்டையாக அதைச் சொல்கிறார்கள். பாலைவனத்தில் அப்படி ஓடிய வண்டி அயோவா சேற்றுக்கு அஞ்சாது.

ஆக, யாருக்கு எது? வீட்டில் ஒரே ஓர் ஆள்தான் காரை எடுப்பார், அவர் கைபலம் உள்ளவர், கொல்லனோடு பேசிப் பழகியவர், கையில் இருப்பது ஐந்நூறுக்குள் என்றால் ஃபோர்டைத் தவிர வேறெதையும் யோசிக்க வேண்டாம். ஆனால் நான் சொன்ன குடும்பத்தில் எண்ணூறு டாலர் இருக்கிறது. கணவர் வயலில் இருக்கும்போது முட்டையையும் வெண்ணெயையும் சந்தைக்கு எடுத்துப் போவது மனைவிதான். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஊருக்குள் ஓடுவதும் அவர்தான். ஃபோர்டு வாங்கினால் கைப்பிடியைச் சுற்ற ஆள் இருக்கிற நேரத்தில்தான் அவரால் வெளியே போக முடியும். சுற்றத் தெரிந்த பெண்களும் இருந்தார்கள்தான், ஆனால் பனிக்கட்டிக் காலையில், ஒரு குழந்தை இடுப்பில் இருக்கும்போது யாராலும் முடியாது. 345 டாலர் அதிகம் கொடுத்தால் அந்த வீட்டில் இரண்டு ஓட்டுநர்கள். என் ஓட்டு டாட்ஜுக்கு.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. ஃபோர்டு 1914-லிலும் 1915-லிலும் ஆகஸ்டு பிறந்ததும் விலையைக் குறைத்தது. இந்த வருடமும் குறையும் என்று ஊரில் பேசிக்கொண்டிருப்பார்கள். குறைந்தது: ஆகஸ்ட் 1 முதல் டூரிங் கார் 360 டாலர். பத்து நாள் பொறுத்திருந்தால் 80 டாலர் மிச்சம். ஒரு டாட்ஜ் விலையில் இரண்டு ஃபோர்டு வாங்கிவிட்டு 65 டாலர் கையில் வைத்திருக்கலாம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு நான் கொஞ்ச நேரம் யோசித்தது உண்மை. ஆனாலும் முடிவை மாற்றவில்லை. கொட்டகையில் இரண்டு ஃபோர்டு நின்றாலும், ஜனவரி விடிகாலையில் இரண்டையும் கைப்பிடி போட்டுத்தான் சுற்ற வேண்டும்.